3 முதல் 5 வயதுப் பிள்ளைகளுக்கு மொழி ஸ்கிரீனிங்: மொழிபெயர்த்த தாளை வைத்து நடத்தலாமா?

#1 மொழிமுளை

வணக்கம். மழலையர் வகுப்பில் இருக்கும் 3 முதல் 5 வயதுப் பிள்ளைகளில் மொழி வளர்ச்சிக் குறைபாடு இருக்கக்கூடியவர்களைக் கண்டுபிடிக்க ஒரு ஸ்கிரீனிங் தாளை இறுதி செய்யும் கட்டத்தில் இருக்கிறோம். இப்போது கையில் இருப்பது ஆங்கிலத் தாளின் தமிழாக்கம். 20 படங்களுக்குப் பெயர் சொல்வது, 10 வாக்கியங்களைக் கேட்டுத் திருப்பிச் சொல்வது, பெற்றோருக்கு 12 கேள்விகள், அவ்வளவுதான். முன்னோட்டத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பிள்ளைகள் தேறாதவர்கள் பட்டியலில் விழுகிறார்கள். அத்தனை பேருக்கும் குறைபாடு இருக்க வாய்ப்பே இல்லை.

கட்-ஆஃபை இறக்கினால் போதுமா, தாளையே மாற்ற வேண்டுமா? ஒரு பிள்ளைக்கு 15 நிமிடம்தான் கிடைக்கும். நடத்தப் போகிறவர்கள் டீச்சர்களும் களப்பணியாளர்களும். ஸ்பீச் தெரபிஸ்ட் இரண்டாம் கட்டத்தில்தான் வருவார்.

#2 எண்ணும் எழுத்தும்

கட்-ஆஃபைத் தொடும் முன் ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். வேறு காரணம் எதுவும் இல்லாத மொழிக் குறைபாடு 5 வயதுவாக்கில் 100 பேரில் சுமார் 7 பேருக்கு இருக்கிறது என்பதுதான் பரவலாக எடுத்துக்கொள்ளப்படும் அளவு. டாம்ப்ளின் குழு 1997-இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வில் 7.4 சதவீதம் வந்தது.

1000 பிள்ளைகள் என்று வையுங்கள். குறைபாடு உள்ளவர்கள் 70, இல்லாதவர்கள் 930. உள்ளவர்களில் எத்தனை சதவீதத்தைத் தாள் பிடிக்கிறது என்பது உணர்திறன். இல்லாதவர்களில் எத்தனை சதவீதத்தைச் சரியாக விடுவிக்கிறது என்பது குறிப்புத்திறன். இரண்டும் 80 என்றால் 70 பேரில் 56 பேர் பிடிபடுவார்கள், 930 பேரில் 186 பேர் தவறுதலாகச் சிக்குவார்கள். மொத்தம் 242. அதாவது ஓரளவு நல்ல தாளே நான்கில் ஒரு பிள்ளையைக் கொண்டுவந்து நிறுத்தும். சிக்கியவர்களில் உண்மையாகவே குறைபாடு உள்ளவர்கள் 23 சதவீதம்தான்.

உங்களுக்கு மூன்றில் ஒன்று வருகிறது. உணர்திறன் 80 என்றே வைத்துக்கொண்டால் குறிப்புத்திறன் 70 பக்கம் நிற்கிறது: 56 + 279 = 335. ஆறு பேரை அனுப்பினால் அவர்களில் ஒருவருக்குத்தான் பிரச்சினை.

கட்-ஆஃபை இறக்கினால் பட்டியல் சுருங்கும், உண்மைதான். ஆனால் உணர்திறன் 60-க்கு இறங்கி குறிப்புத்திறன் 90-க்கு ஏறினால், 135 பேர்தான் வருவார்கள், 28 பிள்ளைகள் கைநழுவிப் போவார்கள். எண் அழகாகத் தெரியும், பிள்ளைகள் தொலைந்திருப்பார்கள். தாள் தவறான பிள்ளைகளைப் பிடிக்கிறதா என்று முதலில் பாருங்கள். அந்த 10 வாக்கியங்களில் சிலவற்றை இங்கே போட முடியுமா?

#3 மொழிமுளை

மூன்று தருகிறேன்.
"சிறுவன் பந்தை எறிந்தான்."
"பூனை நாயால் துரத்தப்பட்டது."
"அவள் ஒவ்வொரு நாளும் பள்ளிக்கு நடக்கிறாள்."
சொல்லுக்குச் சொல் சரியாக வந்தால் மதிப்பெண். ஒரு சொல் மாறினாலும் தவறு.

#4 உருபன்

பிரச்சினை இங்கேதான் இருக்கிறது. இந்த மூன்றில் ஒன்றுகூட நாலு வயதுப் பிள்ளை வீட்டில் கேட்கும் தமிழ் இல்லை.

முதல் வாக்கியத்தை ஒரு நல்ல மொழித்திறன் உள்ள பிள்ளையிடம் சொல்லிப் பாருங்கள். "பையன் பந்த எறிஞ்சான்" என்று திருப்பித் தரும். மூன்று சொல்லும் மாறிவிட்டன, உங்கள் தாளில் அது தவறு. ஆனால் அந்தப் பிள்ளை என்ன செய்திருக்கிறது என்று பாருங்கள். கேட்ட எழுத்துத்தமிழைப் புரிந்துகொண்டது, பொருளை எடுத்துக்கொண்டது, தன் பேச்சுத்தமிழின் இலக்கணத்தில் அதை மறுபடி கட்டியது. வேற்றுமை உருபு இருக்கிறது, காலம் இருக்கிறது, 'ஆன்' விகுதி இருக்கிறது. மொழித்திறனுக்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது. இதற்குச் சுழியம் போடும் தாள், எழுத்துத்தமிழைக் காதால் கேட்டுப் பழகிய வீடு எது என்பதைத்தான் அளக்கிறது. கதைப் புத்தகம் வாசித்துக் காட்டும் வீட்டுப் பிள்ளை தேறும், மற்றது சிக்கும்.

இரண்டாவது, செயப்பாட்டு வினை. ஆங்கிலத்தில் அது சிக்கலான வாக்கியத்தைச் சோதிக்கும் வழி. பேச்சுத்தமிழில் '-ப்பட்டது' அபூர்வம். அதே அளவு சிக்கலை நாம் பெயரெச்சத்தில் சோதிக்கலாம்: "நாய் தொரத்தின பூன மரத்து மேல ஏறிடுச்சு."

மூன்றாவது வாக்கியம் ஆங்கிலத் தாளில் இருப்பதற்கே காரணம், வினையோடு ஒட்டும் அந்த ஒற்றை 'ஸ்' ஒலி. குறைபாடு உள்ள ஆங்கிலப் பிள்ளைகள் அதைத்தான் அதிகம் விடுவார்கள். தமிழாக்கியதும் அந்த நோக்கமே போய்விட்டது. நம் வினைமுற்று ஒவ்வொன்றும் காலத்தையும் இடம், பால், எண்ணையும் சுமக்கிறது. நம் பிள்ளைகள் தடுமாறும் இடம் வேறு.

எதைத் தவறென்று எண்ணக்கூடாது என்பதும் முக்கியம். "பால் குடிச்சேன்" என்பதில் 'ஐ' இல்லை. அது தவறில்லை, அஃறிணைப் பொருளைப் பொதுவாகச் சொல்லும்போது பெரியவர்களும் விடுகிறோம். "ரெண்டு பந்து" என்றால் 'கள்' தேவையில்லை. எழுவாயை விட்டாலும் தவறில்லை. ஆனால் "நாய பூன கடிச்சிருச்சு" என்பதில் உருபை விட்டால் யார் யாரைக் கடித்தது என்பதே போய்விடும். உருபு கட்டாயமாக வேண்டிய இடத்தில் மட்டும் சோதியுங்கள்.

எளிதிலிருந்து கடினத்துக்கு இப்படி ஏறலாம்:

அண்ணன் தண்ணி குடிச்சான்.
பாப்பாவுக்குத் தூக்கம் வருது.
பையன் நாயப் பாத்துட்டு ஓடினான்.
மழ வந்தா நாம வெளிய போக முடியாது.
அம்மா வரலன்னு பாப்பா அழுதா.
அக்கா குடுத்த பொம்ம கீழ விழுந்து ஒடஞ்சிபோச்சு.

இரண்டாவதில் நான்காம் வேற்றுமை, மூன்றாவதில் வினையெச்சம், நான்காவதில் நிபந்தனையும் எதிர்மறையும், ஐந்தாவதில் 'ன்னு', ஆறாவதில் பெயரெச்சமும் வினையெச்சமும் சேர்ந்து வருகின்றன. நீளத்தைச் சொல் எண்ணிக்கையில் பார்க்காதீர்கள். 'ஒடஞ்சிபோச்சு' ஒரு சொல்தான், உள்ளே எத்தனை துண்டு ஒட்டியிருக்கிறது என்று பாருங்கள்.

#5 மழலையர் வகுப்பு

ஒரே வகுப்பில் ஒரு பிள்ளை "அவங்க" என்கிறது, இன்னொன்று "அவுக", மூன்றாவது "அவிய". "ஒடஞ்சிபோச்சு" என்பதை "ஒடஞ்சிருச்சு" என்றும் சொல்வார்கள். டீச்சர் எதை ஏற்க வேண்டும்?

#6 உருபன்

அந்த வீட்டுப் பெரியவர்கள் எப்படிப் பேசுகிறார்களோ அது சரி. இதை மதிப்பெண் போடுகிறவரின் முடிவுக்கு விடக்கூடாது. தாள் அச்சாகும் முன்பே ஒவ்வொரு வாக்கியத்துக்கும் கீழே ஏற்கத்தக்க மாற்றுகளை எழுதிவிடுங்கள். வெவ்வேறு வட்டாரங்களைச் சேர்ந்த பத்துப் பதினைந்து பெரியவர்களிடம் அதே வாக்கியத்தைச் சொல்லி, "உங்க வீட்டுல இத எப்படிச் சொல்வீங்க" என்று கேட்டாலே பெரும்பாலான மாற்றுகள் வந்துவிடும். "பாப்பா அழுதா", "பாப்பா அழுதுச்சு" இரண்டும் சரி. "அக்கா அழுதான்" என்றால் அது வட்டார வழக்கு இல்லை, பால் விகுதி பிசகியிருக்கிறது.

#7 பயிற்சி மேசை

உருபன் சொன்னதோடு நடத்தும் முறையையும் சேர்த்துச் சொல்றேன். நல்ல வாக்கியத்தையும் தப்பா நடத்தினா கெட்டுப் போகும்.

ரெண்டு பயிற்சி வாக்கியம் முதல்ல. பிள்ளைக்கு விளையாட்டு புரியலன்னா அதுக்கு மதிப்பெண் போட்டுப் பிரயோசனம் இல்ல. "நான் சொல்றத அப்படியே சொல்லு"ன்னா நிறைய பிள்ளைகள் பதில் சொல்லும். "மழ வந்தா வெளிய போக முடியாது"ன்னா "ஆமா, நனஞ்சிடுவோம்"னு சொல்லும். அது தவறு இல்ல, வேலை புரியலன்னு அர்த்தம். கையில ஒரு பொம்மைய வச்சு, "இந்தக் கிளி மாதிரி நீயும் சொல்லு"ன்னா சட்டுனு பிடிச்சுக்கும்.

சோதனை வாக்கியத்த ஒரே தடவ, சாதாரண வேகத்துல சொல்லணும். சொல் சொல்லா நிறுத்தி நிறுத்திச் சொன்னா பிள்ளை சரம் மாதிரி ஒப்பிக்கும், இலக்கணம் வெளிய வராது. திரும்பச் சொல்லக்கூடாது. நடுவுல யாராவது கதவத் திறந்து சத்தம் வந்தா மட்டும் மறுபடி சொல்லி, தாள்ல குறிச்சுக்கணும். பதிலப் பதிவு பண்ணுங்க. அங்கேயே மதிப்பெண் போட்டா, கேட்டதா நினைக்கிறதுக்குத்தான் போடுவீங்க. நம்ம காது பிள்ளை விட்ட உருபத் தானா நிரப்பிக்கும்.

சரி/தப்புன்னு ரெண்டா பிரிக்காம, பிழை இல்லன்னா 3, ஒரு பிழை 2, ரெண்டோ மூணோ 1, நாலும் அதுக்கு மேலயும் 0ன்னு போடுறது பல சோதனைகள்ல பழக்கத்துல இருக்கிற முறை. சின்ன வித்தியாசமும் இதுல தெரியும்.

குறைபாடு உள்ள பிள்ளை எப்படித் திருப்பிச் சொல்லும்னு களப்பணியாளருக்குக் காட்டிடுங்க. "அக்கா குடுத்த பொம்ம கீழ விழுந்து ஒடஞ்சிபோச்சு"ங்கிறது "அக்கா பொம்ம... கீழ ஒடஞ்சி"ன்னு வரும். பெயர்ச்சொல் எல்லாம் இருக்கும், அதக் கட்டுற துண்டு எல்லாம் உதிர்ந்திருக்கும்.

"லயில்", "தாத்தா வந்தாலு" மாதிரி ஒலி மாறுறதுக்கு மதிப்பெண் குறைக்காதீங்க. ர, ற, ழ எல்லாம் மெதுவா வர்ற ஒலி. ஒரே ஒலி எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி மாறுதுன்னா அது உச்சரிப்பு, தனியா ஒரு கட்டத்துல குறிச்சா போதும். நான் அழுத்திச் சொல்ல விரும்புறது இதுதான். மழலையா பேசுற பிள்ளையத்தான் எல்லாரும் கவனிச்சு அனுப்புறாங்க. தெளிவான உச்சரிப்போட, குட்டி குட்டி வாக்கியமா பேசிட்டு, சொன்னது புரியாம பக்கத்துப் பிள்ளையப் பார்த்துச் செய்யுற பிள்ளைய யாரும் கவனிக்கிறதில்ல. மேல சொன்ன அதே 1997 ஆய்வுல, குறைபாடு உறுதியான பிள்ளைகளோட பெற்றோர்ல 29 சதவீதம் பேருக்குத்தான் அதுக்கு முன்னாடி யாராவது அதச் சொல்லியிருந்தாங்க.

#8 செவிப்பறை

வாக்கியம் பற்றி இவ்வளவு பேசியும் காது வரவில்லையே. காது கேட்பதைப் பார்க்காமல் மொழி ஸ்கிரீனிங் செய்யக்கூடாது.

பிறந்தபோது செய்த செவிச்சோதனையில் தேறியது இப்போதைக்குச் சான்று ஆகாது. இந்த வயதில் சளியைத் தொடர்ந்து நடுக்காதில் நீர் கோர்ப்பது சகஜம். வலி இருக்காது, கேட்கும் அளவு 25 டெசிபல் அளவுக்கு மங்கும், அதுவும் நாளுக்கு நாள் ஏறி இறங்கும். பெயரைக் கூப்பிட்டால் திரும்பும் என்பதால் வீட்டில் சந்தேகம் வராது. ஆனால் சொல் கடைசியில் ஒட்டும் மெல்லிய உருபுகள் காதில் விழாது. தாளில் அது மொழிக் குறைபாடு போலவே தெரியும்.

ஹெட்போனில் 1000, 2000, 4000 ஹெர்ட்ஸ், 20 டெசிபல், இரண்டு காதும் தனித்தனியாக. 500 ஹெர்ட்ஸ் வேண்டாம், மின்விசிறியும் பக்கத்து வகுப்பும் அதை மூழ்கடித்துவிடும். சின்னப் பிள்ளையிடம் கையைத் தூக்கச் சொல்லாதீர்கள். கட்டையைக் கன்னத்தருகே பிடித்திருந்து, சத்தம் கேட்டதும் டப்பாவில் போடச் சொல்லுங்கள். முதலில் 40 டெசிபலில் இரண்டு மூன்று முறை பழக்கிவிட்டு 20-க்கு இறங்குங்கள். சத்தங்களுக்கு நடுவே இடைவெளி ஒரே சீராக இருந்தால் பிள்ளை கேட்காமலேயே தாளத்துக்குக் கட்டையைப் போடும், அதனால் இடைவெளியை மாற்றிக்கொண்டே இருங்கள். ஒரு அலைவரிசை தவறினாலும் ஹெட்போனைக் கழற்றி மாட்டி, மறுபடி விளக்கி, அன்றே இன்னொரு முறை பாருங்கள்.

அறை சரியா என்று பார்க்க, காது நன்றாகக் கேட்கும் பெரியவர் ஒருவருக்கு அதே அறையில் 10 டெசிபல் கேட்கிறதா என்று காலையில் சோதியுங்கள். கேட்கவில்லையா, அந்த அறையில் பிள்ளைகளுக்கு நடத்தாதீர்கள்.

காதில் தேறாத பிள்ளையின் மொழித்தாளைக் கிழித்துப் போட வேண்டாம். மருத்துவரிடம் அனுப்புங்கள், நீர் தானாக வற்றுமா என்று பார்க்கும் காலம் வழக்கமாக 3 மாதம். மொழிக் குறைபாடும் காது நீரும் ஒரே பிள்ளைக்கு இருக்கலாம், அதனால் காது சரியான பின்னும் மொழியைத் திரும்பப் பார்க்க வேண்டும்.

#9 குழந்தை நலம்

கொஞ்சம் மாற்றுக் கருத்து வைக்கிறேன். எல்லாப் பிள்ளைகளுக்கும் நடத்தத்தான் வேண்டுமா?

அமெரிக்கத் தடுப்புச் சேவைப் பணிக்குழு 2015-இலும் மறுபடி 2024-இலும் இதை அலசி, 5 வயதுக்கு உட்பட்ட எல்லாப் பிள்ளைகளுக்கும் பேச்சு மொழி ஸ்கிரீனிங் செய்வதால் வரும் நன்மை தீமையை எடைபோடச் சான்று போதாது என்றுதான் சொன்னது. நன்மை இல்லை என்று அது சொல்லவில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். ஸ்கிரீனிங்குக்கு வில்சனும் யுங்னரும் 1968-இல் உலக சுகாதார நிறுவனத்துக்காக எழுதிய விதிகளில் ஒன்று, கண்டுபிடித்தபின் உறுதிசெய்யவும் சிகிச்சை தரவும் வசதி இருக்க வேண்டும் என்பது. அந்த வசதி இல்லாமல் 242 பெற்றோரிடம் "உங்க பிள்ளைக்கு ஏதோ இருக்கலாம்" என்று சொல்லி ஒரு வருடம் காக்க வைப்பது தீங்குதான். முழு மதிப்பீட்டுக்கு ஆளுக்கு 2 மணி நேரம் என்றால் 484 மணி நேரம். உங்கள் தெரபிஸ்டிடம் அது இருக்கிறதா?

இன்னொன்று, சில பிள்ளைகளுக்குத் தாளே வேண்டாம். பேசிய சொல்லை இழந்த பிள்ளை எந்த வயதானாலும், 3 வயதாகியும் இரண்டு சொல்லைச் சேர்க்காத பிள்ளை, சத்தத்துக்குத் திரும்பாத பிள்ளை, கண் பார்த்துப் பகிர்வதோ சுட்டிக்காட்டுவதோ இல்லாத பிள்ளை, இவர்களை மதிப்பெண்ணுக்குக் காத்திராமல் நேரே அனுப்புங்கள். அங்கே ஆட்டிசமும் காதும் சேர்த்துப் பார்க்கப்படும்.

அறிவுத்திறன் சோதனை முடித்துவிட்டுத்தான் மொழிக்கு அனுப்புவோம் என்றும் வைக்காதீர்கள். கேட்டலைஸ் என்ற நிபுணர் குழு 2016, 2017-இல் வெளியிட்ட ஒருமித்த கருத்து அறிக்கைகள், அறிவுத்திறனுக்கும் மொழித்திறனுக்கும் பெரிய இடைவெளி இருந்தால்தான் குறைபாடு என்ற பழைய நிபந்தனையைக் கைவிட்டன. மொழி வளர்ச்சிக் குறைபாட்டுக்கு இப்போது புழங்கும் 'டிஎல்டி' என்ற பெயரும் அங்கிருந்துதான் பரவலானது.

#10 பயிற்சி மேசை

வசதி இல்லாம ஸ்கிரீனிங் பண்ணக்கூடாதுங்கிறது நூத்துக்கு நூறு சரி. ஆனா "கவலைப்படுற பெற்றோரோட பிள்ளைய மட்டும் பாப்போம்"னு போனா, #7-ல சொன்ன அமைதியான பிள்ளை வெளிய நின்னுடும். பையன்களத்தான் அதிகம் அனுப்புறாங்க. சிகிச்சைக்கு வந்தவங்கள மட்டும் எடுக்காம பொதுவா பள்ளிப் பிள்ளைகளச் சோதிச்சுப் பார்த்த 1997 ஆய்வுல பையன்கள் 8 சதவீதம், பெண்பிள்ளைகள் 6. சிகிச்சைக்கு வர்ற வரிசையில அந்த விகிதம் தெரியாது, பெண்பிள்ளைகள் ரொம்பக் குறைவாத்தான் இருப்பாங்க. எல்லாருக்கும் நடத்துங்க, ஆனா எல்லாரையும் உடனே முழு மதிப்பீட்டுக்கு அனுப்பாத மாதிரி படிய அமைங்க.

#11 எண்ணும் எழுத்தும்

படி அமைப்பதைக் கணக்கில் காட்டுகிறேன். பிள்ளையிடம் நடத்தும் சோதனை ஒன்று, பெற்றோர் கேள்வி ஒன்று. இரண்டுக்கும் 80/80, ஒன்றையொன்று சாராதவை என்று வையுங்கள். நடைமுறையில் கொஞ்சம் சார்ந்துதான் இருக்கும், எண்கள் இவ்வளவு அழகாக வராது. திசை மாறாது.

1000 பேரில் இரண்டிலும் தேறாதவர்கள்: குறைபாடு உள்ள 45 பேர், இல்லாத 37 பேர். பாதிக்கு மேல் உண்மையானவர்கள், எனவே இவர்களை நேரே முழு மதிப்பீட்டுக்கு அனுப்பலாம். 82 பேர், 164 மணி நேரம்.

ஒன்றில் மட்டும் தேறாதவர்கள்: உள்ளவர்கள் 22, இல்லாதவர்கள் 298. இவர்களை அனுப்பினால்தான் வரிசை அடைத்துக்கொள்ளும். 8 முதல் 12 வாரம் கழித்து இன்னொரு முறை ஸ்கிரீனிங், அவ்வளவுதான். 12 வாரம் என்று வைத்தால் காது நீர் வற்றக் காத்திருக்கும் 3 மாதத்தோடும் ஏறக்குறைய பொருந்தும்.

இரண்டிலும் தேறியும் குறைபாடு உள்ளவர்கள் 3 பேர். "ஏதாவது ஒன்றில் தேறாவிட்டால் அனுப்பு" என்று வைத்தால் முதல் நாளே 402 பேர் வந்து நிற்பார்கள், "இரண்டிலும் தேறாவிட்டால் மட்டும்" என்று வைத்தால் 25 பேரை இழப்போம். நடுவில் மறுசோதனை வைப்பது அதனால்தான்.

கருவி எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கும்போது இரண்டு பொறி உண்டு. சிக்கியவர்களை மட்டும் முழுமையாகச் சோதித்தால், தவறவிட்டவர்கள் எத்தனை பேர் என்று தெரியவே தெரியாது, உணர்திறன் பொய்யாக உயரும். தேறியவர்களிலும் பத்தில் ஒருவரைக் குலுக்கிப் போட்டு எடுத்து அதே முழு மதிப்பீட்டைச் செய்யுங்கள், அந்த மதிப்பீட்டைச் செய்பவருக்கு ஸ்கிரீனிங் முடிவு தெரியக்கூடாது. மற்றது, ஏற்கெனவே சிகிச்சையில் இருக்கும் பிள்ளைகளையும் நன்றாகப் பேசும் பிள்ளைகளையும் ஒப்பிட்டு "95 சதவீதம் சரி" என்று சொல்வது. நடுவில் இருக்கும் பிள்ளைகளைப் பிரிப்பதுதான் கடினம், அவர்களையே விட்டுவிட்ட கணக்கு அது.

வயதுக்கட்டு 6 மாதத்துக்கு ஒன்றாக வேண்டும், 3 வயதுக்கும் 4 வயதுக்கும் ஒரே கட்-ஆஃப் வைத்தால் சிக்குபவர்களெல்லாம் இளையவர்கள்தான். ஒரு கட்டுக்குக் குறைந்தது 50 பிள்ளைகள், முடிந்தால் 100 பேரின் மதிப்பெண்ணைத் திரட்டிவிட்டுக் கட்-ஆஃபைப் பேசுங்கள். வயதைக் கணக்கிடுவதிலேயே நிறையப் பிழை வரும். சோதனை நாள் 2025 மார்ச் 10, பிறந்தது 2021 ஜூலை 24 என்றால் அது 3 வயது 7 மாதம். ஆண்டை மட்டும் கழித்து 4 என்று எழுதினால் பிள்ளை தவறான கட்டில் போய் விழும்.

#12 மழலையர் வகுப்பு

வீட்டில் வேறு மொழி, வகுப்பில் தமிழ் என்று இருக்கும் பிள்ளைகளுக்கு என்ன செய்வது? தமிழ்த் தாளில் அவர்கள் நிச்சயம் சிக்குவார்கள்.

#13 பயிற்சி மேசை

ரெண்டு மொழி கேட்டு வளர்றதால குறைபாடு வராது. குறைபாடு இருந்தா ரெண்டு மொழியிலயும் தெரியும். ஒரு மொழியில மட்டும் தடுமாறினா அந்த மொழி போதுமான அளவு காதுல விழலன்னுதான் முதல்ல நினைக்கணும். எந்த வயசுல தமிழ் கேட்க ஆரம்பிச்சது, ஒரு நாள்ல எத்தன மணி நேரம், யார் யார் எந்த மொழியில பேசுறாங்க, வீட்டு மொழியில அண்ணன் அக்கா இதே வயசுல பேசின மாதிரி பேசுதா, இதக் கேட்டு எழுதிக்கோங்க. படத்துக்குப் பேர் சொல்றதுல எந்த மொழியில சொன்னாலும் ஒரு மதிப்பெண்.

இந்தப் பிள்ளைகளுக்கு உதவுறது பொருளில்லாச் சொல்லத் திருப்பிச் சொல்ற சோதனை. யாருமே முன்னாடி கேட்டிராத சொல்லுங்கிறதால, சொல்வளம் குறைவா இருக்கிறது அவ்வளவா பாதிக்காது. டாலகனும் கேம்பெலும் 1998-ல வெளியிட்டது 16 சொல்: ஓரசை முதல் நாலசை வரை நாலு நாலு. சொல்ல ஒலி ஒலியா பிரிச்சு மதிப்பெண். அத அப்படியே தமிழுக்குத் தூக்கிட்டு வரக்கூடாது. உருபன், அமைப்ப நீங்க சொல்லுங்க.

#14 உருபன்

தமிழ்ப் பிள்ளைகள் நீளச் சொல்லுக்குப் பழகியவர்கள். ஈரசைச் சொல் எல்லாருக்கும் வந்துவிடும், பிரித்துக் காட்டப்போவது நாலசையும் ஐந்தசையும்தான். சொல் முதலில் க, த, ப, ம, ந போன்ற எழுத்துகள் வரட்டும். ட, ண, ள வேண்டாம், தமிழ்ச்சொல் அப்படித் தொடங்காது. ர, ற, ழ எங்கேயும் வேண்டாம், உச்சரிப்புப் பிரச்சினை உள்ளே புகுந்துவிடும். 'பேமு', 'தாபுமி', 'கோமுதேபி', 'நூபிகாதேமு' என்ற மாதிரி. இடையில் வரும் க, த, ப மெலிந்துதான் ஒலிக்கும், பிள்ளை வலித்துச் சொன்னாலும் மெலித்துச் சொன்னாலும் ஏற்றுக்கொள்ளுங்கள். செய்து முடித்ததும் வேறு வட்டாரப் பெரியவர்களிடம் படித்துக் காட்டுங்கள். யாருக்காவது அது ஏதோ ஒரு சொல்லை நினைவூட்டினால் தூக்கிவிடுங்கள்.

கேட்டுப் புரிதல் தாளிலேயே இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். யானை பொம்மை ஒன்று, குரங்கு பொம்மை ஒன்று போதும். "குரங்க யானை தள்ளுது, செஞ்சு காட்டு." உருபைக் கேட்காத பிள்ளை, முதலில் வந்த குரங்கு யானையைத் தள்ளுவதாகச் செய்து காட்டும். "யானை குரங்கத் தள்ளுது" என்பதில் சரியாகவும் இதில் மட்டும் மாற்றியும் செய்தால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு வரிசையிலும் ஆறு வாக்கியமாவது வேண்டும், ஒன்றிரண்டு தற்செயலாகவே சரியாகிவிடும். சொல்லும்போது கண் எந்தப் பொம்மை பக்கமும் போகக்கூடாது.

#15 மொழிமுளை

பெற்றோர் கேள்விகளில் எதை வைத்துக்கொள்வது? முதல் கேள்வியே "உங்கள் குழந்தை வயதுக்கேற்றபடி பேசுகிறதா" என்பது.

#16 குழந்தை நலம்

அதை எடுத்துவிடுங்கள். மூத்த பிள்ளை என்றால் ஒப்பிட அந்தத் தாய்க்கு ஆளே இல்லை. கண்ணால் பார்த்ததைக் கேளுங்கள். "நேத்து பாப்பா சொன்னதுலயே நீளமான பேச்சு ஒண்ணு, அது சொன்ன மாதிரியே சொல்லுங்க." இந்த ஒரு கேள்வி பத்துக் கேள்விக்குச் சமம், அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். "கை காட்டாம, 'பந்த எடுத்து கட்டிலுக்கு அடியில வை'ன்னா செய்யுமா?" என்று கேட்கும்போது 'கை காட்டாமல்' என்பதை அழுத்துங்கள். வீட்டில் நாம் கையும் கண்ணும் காட்டியே பேசுகிறோம், புரிதல் குறைவு அதில் மறைந்துவிடுகிறது. "வீட்டுல இல்லாதவங்க ஒருத்தர்கிட்ட நடந்தத சொன்னா அவங்களுக்குப் புரியுமா?" "குடும்பத்துல யாருக்காவது பேச்சு தாமதமோ படிக்க எழுதச் சிரமமோ இருந்துச்சா?" இப்படி ஆறு கேள்வி போதும். 'ஆம்' 10, 'சில நேரம்' 5, 'இன்னும் இல்லை' 0 என்பது ஏஜஸ் அண்ட் ஸ்டேஜஸ் கேள்வித்தாளின் முறை, ஒரு பகுதிக்கு ஆறு கேள்வி, 60 மதிப்பெண். களப்பணியாளர் படித்துக் காட்டட்டும், தாளைக் கையில் கொடுத்து நிரப்பச் சொன்னால் படிக்கத் தயங்குபவர்கள் எல்லாவற்றுக்கும் 'ஆம்' போட்டுவிடுவார்கள்.

முடிவைச் சொல்லும்போது 'ஃபெயில்' என்ற சொல் வாயில் வரவே கூடாது. "சில வாக்கியம் பாப்பாவுக்குக் கஷ்டமா இருந்துச்சு. இது நோய்னு அர்த்தம் இல்ல. இன்ன தேதியில இன்னொரு தடவ பாப்போம்" என்று தேதியோடு சொல்லுங்கள். தாயிடம் "நீங்க பேசாததாலதான்" என்று யாராவது ஏற்கெனவே சொல்லியிருப்பார்கள், டிஎல்டி வளர்ப்பால் வருவதில்லை என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். இரண்டு மொழி வீடென்றால் வீட்டு மொழியை நிறுத்தச் சொல்லாதீர்கள். நிறுத்தினால் பாட்டி தாத்தாவோடு பேசும் வழியும் போய்விடும்.

#17 மொழிமுளை

எல்லாருக்கும் நன்றி. படத்துக்குப் பெயர் சொல்வதை இரண்டு மொழிப் பிள்ளைகளுக்கு மட்டும் வைத்துக்கொண்டு, பெற்றோர் கேள்விகளை ஆறாக்கி, பழைய 10 வாக்கியங்களை முழுக்கத் தூக்கிவிடுகிறோம். 15 நிமிடத்தை இப்படிப் பிரிக்கிறேன்: பழகுவதற்கு 2, காது 4, வாக்கியம் 4, பொருளில்லாச் சொல் 2, பொம்மை 3. வாய் திறக்காத பிள்ளைக்குச் சுழியம் போடாமல் 'நடத்த முடியவில்லை' என்று தனிக் கட்டம், இன்னொரு நாள் மறுமுறை. சரியா?

#18 செவிப்பறை

காதுக்கு 4 நிமிடம் 4 வயதுக்கு மேல் போதும். 3 வயதுப் பிள்ளைக்குப் பழக்கவே அவ்வளவு ஆகும், அந்தக் கட்டுக்குக் காதை வேறு நாளில் வையுங்கள். ஒரே உட்காரலில் திணித்தால் கடைசியில் வரும் பொம்மைப் பகுதியில் பிள்ளை சோர்ந்து தவறும், நீங்கள் அதைப் புரிதல் குறைவு என்று எழுதுவீர்கள்.

#19 உருபன்

தனிக் கட்டம் நல்லது. 'அம்மா வரலன்னு' வாக்கியத்தை மட்டும் மாற்றிவிடுங்கள். அம்மாவை விட்டு வகுப்புக்கு வந்த முதல் வாரத்துப் பிள்ளை அதைக் கேட்டு அழ ஆரம்பித்துவிடலாம். "பந்து காணோம்னு தம்பி தேடினான்" என்று வையுங்கள், 'ன்னு' அப்படியே இருக்கிறது.